ரா படங்களில் நாய்ஸ் குறைப்பு சரிவராதபோது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கல்யாண மண்டபத்திலும் நாட்டிய மேடையிலும் கோயில் உற்சவ இரவுகளிலும் எடுத்த ரா கோப்புகளை, அதாவது கேமரா ஜேபெக்காக மாற்றாமல் சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை, திருத்தும்போது நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு) குறைப்பில் எழும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரு சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. கேமரா மாறினாலும் மென்பொருள் மாறினாலும் திரையில் தெரியும் அறிகுறி ஒன்றாகவே இருப்பதால், இந்த வழிமுறையை மென்பொருள் வாரியாகப் பிரிக்காமல் அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்த காரணம் கடைசியிலும் வருகின்றன. உங்கள் படத்தில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகச் சென்றுவிடலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். இரண்டு மூன்று மென்பொருள்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோருக்கு நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

## கோப்பைத் திறந்தவுடன் நாம் கேட்காமலே நடக்கும் வேலை

அடோபியின் லைட்ரூம் கிளாசிக்கும் கேமரா ராவும் ஒரு ரா கோப்பைத் திறந்தவுடன் கலர் நாய்ஸ் (வண்ணப் புள்ளிகள்) குறைப்பை 25 என்றும் ஷார்ப்பனிங்கை (விளிம்புகளைக் கூர்மையாக்குவதை) 40 என்றும் தாமாகவே வைத்துக்கொள்கின்றன. லூமினன்ஸ், அதாவது ஒளியளவில் தெரியும் நாய்ஸின் குறைப்பு, மட்டும் 0-இல் நிற்கும். கேப்சர் ஒன் லூமினன்ஸ், டீடெய்ல்ஸ், கலர் ஆகிய மூன்றையும் 50-இல் வைக்கிறது. அந்த 50 எல்லாப் படங்களுக்கும் பொதுவான அளவு அன்று. அந்தக் கேமராவுக்கும் அந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) அளவுக்கும் ஏற்றதென மென்பொருள் முன்கூட்டியே வகுத்துக்கொண்ட அளவு. எனவே ஐஎஸ்ஓ 200 படத்தில் தெரியும் 50-உம் ஐஎஸ்ஓ 6400 படத்தில் தெரியும் 50-உம் ஒரே வேலையைச் செய்வதில்லை. டார்க்டேபிளில் நிலைமை நேர்மாறானது: ‘டீநாய்ஸ் புரொஃபைல்டு’ மாட்யூலை (கருவிப் பகுதியை) நாமாக இயக்கும் வரை நாய்ஸ் குறைப்பு எதுவும் நடக்காது. ராதெரபியில், திறக்கும்போது எந்த முன்னமைப்பு பொருந்துகிறதோ அதைப் பொறுத்தது.

ஆகவே ஒரே கோப்பை லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் அருகருகே திறந்து பார்த்துவிட்டு, டார்க்டேபிளில் வண்ணப் புள்ளிகள் தெரிகின்றன என்பதால் அது தரம் குறைந்தது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. ஒன்று ஏற்கெனவே துடைத்த படத்தைக் காட்டுகிறது, மற்றொன்று துடைக்காததைக் காட்டுகிறது. ஒரு மென்பொருளில் பழகிய எண்ணை இன்னொரு மென்பொருளில் அப்படியே போடுவதும் இதே காரணத்தால் பயனற்றது. எண்ணை விட்டுவிட்டு, படத்தில் தெரியும் விளைவை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கேப்சர் ஒன்னும் டார்க்டேபிளும் கோப்பில் பதிவான ஐஎஸ்ஓவைப் பார்த்தே எவ்வளவு குறைப்பது என்று தீர்மானிக்கின்றன. ஐஎஸ்ஓ 1600-இல் இருட்டாக எடுத்த படத்தைத் திருத்தும்போது எக்ஸ்போஷரை 3 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பாக்குவது) உயர்த்தினால், அதில் தெரியும் நாய்ஸ் ஏறத்தாழ ஐஎஸ்ஓ 12800 படத்தின் நாய்ஸுக்கு இணையாகிவிடும். மென்பொருளோ இன்னும் 1600-க்கு உரிய அளவையே போட்டுக்கொண்டிருக்கும். இருட்டை வெளுக்க வைத்த படங்களில் தானியங்கி அளவு போதவில்லை என்று தோன்றினால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

## அறிகுறி: ஸ்லைடரை நகர்த்தினாலும் படத்தில் மாற்றமே தெரியவில்லை

முதல் சோதனை உருப்பெருக்கம். முழுப் படமும் திரைக்குள் அடங்கும் நிலையில் நாய்ஸ் குறைப்பை மதிப்பிடவே கூடாது; ராதெரபியில் நாய்ஸ் குறைப்புக் கருவி 100 விழுக்காட்டில்தான் திரையில் செயல்படும், லைட்ரூமின் டீடெய்ல் பகுதியிலும் சிறிய எச்சரிக்கைக் குறி ஒன்று 1:1-க்குப் போகச் சொல்லும். டார்க்டேபிள் சிறிய உருவில் காட்டும்போது படத்தைச் சுருக்கிய பின்பே கணக்கிடுவதால், அங்கே தெரிவதும் எக்ஸ்போர்ட் செய்த பின் கிடைப்பதும் வேறுபடும். 100 விழுக்காட்டுக்குச் சென்று, படத்தின் நிழற்பகுதியையும் நடுத்தர ஒளியுள்ள தோல் பகுதியையும் தனித்தனியே பாருங்கள். ராதெரபியில் படத்தின் ஒரு பகுதியை மட்டும் 100 விழுக்காட்டில் காட்டும் சிறு சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் மாறி மாறி உருப்பெருக்க வேண்டியதில்லை.

100 விழுக்காட்டிலும் மாற்றமில்லை என்றால், திறந்திருப்பது உண்மையிலேயே ரா கோப்புதானா என்று பார்க்க வேண்டும். கேமராவில் ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதிவு செய்தவர்கள் ஜேபெக்கைத் திறந்துவிட்டுத் தேடுவது அடிக்கடி நடக்கிறது. ஜேபெக்கில் கேமராவே நாய்ஸைக் குறைத்து, அழுத்தியும் வைத்துவிட்டதால் மீதமிருப்பது ஸ்லைடருக்குக் கட்டுப்படாது.

டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் போட்டோலேப்பில் டீப்பிரைம் வகை ஏஐ நாய்ஸ் நீக்க முறைகளைத் தேர்ந்தெடுத்திருந்தால், பல பதிப்புகளில் அவற்றின் விளைவு சிறிய முன்னோட்டச் சாளரத்தில் மட்டுமே தெரியும். முழுப் படத்தில் எக்ஸ்போர்ட் செய்த பின்னரே தெரியும். அது கோளாறு அன்று.

## அறிகுறி: நிழற்பகுதியில் வண்ணத் திட்டுகள்

கருப்புக் கோட்டிலும் கூந்தலிலும் இருண்ட பின்னணியிலும் பச்சை, ஊதா, செம்மை நிறங்களில் கறை படிந்தது போலத் தெரிவது இது. இரண்டு கிளைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

### திட்டுகள் பொடியாகவும் பல நிறங்களிலும் இருந்தால்

இது சாதாரண கலர் நாய்ஸ். லைட்ரூமில் கலர் ஸ்லைடரை 25-இலிருந்து மெதுவாக உயர்த்தினால் பொடிப் புள்ளிகள் மறையும். புள்ளிகள் மறைந்தும் மேகம் போன்ற அகலமான திட்டுகள் எஞ்சினால், கலர் ஸ்லைடரை மேலும் தள்ளாமல் அதன் கீழுள்ள ஸ்மூத்னெஸ் ஸ்லைடரை உயர்த்த வேண்டும். அகலத் திட்டுகளுக்கு உரியது அதுதான். கேப்சர் ஒன்னில் கலர் அளவை 50-க்கு மேல் ஏற்றலாம். ராதெரபியில் குரோமினன்ஸ் முறையை ‘ஆட்டோமேட்டிக் குளோபல்’ என்று வைத்துப் பார்த்துவிட்டு, போதாவிட்டால் மட்டும் கையால் திருத்துங்கள். டார்க்டேபிளில் வேவ்லெட் முறையைத் தேர்ந்து, நிறத்துக்கான வளைகோட்டை மட்டும் உயர்த்தினால் நுண்விவரம் கெடாமல் நிறம் அடங்கும்.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. நிறத்தை அதிகமாகத் துடைக்கும்போது பட்டுப்புடவையின் கரையிலுள்ள சிவப்பு உடல்பகுதியின் பச்சைக்குள் கசியும், உதட்டின் நிறம் தோலுக்குள் வழியும், ஜரிகைப் பூவேலை ஒரே மஞ்சளாகிவிடும். நிறத்தை எவ்வளவு துடைத்தாலும் விவரம் கெடாது என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. நெருக்கமான நிற வேலைப்பாடு உள்ள துணிகளில் அது பொய்த்துப்போகிறது. லைட்ரூமில் கலரின் கீழுள்ள டீடெய்லைச் சற்று உயர்த்தினால் கசிவு குறையும், பதிலுக்குச் சில புள்ளிகள் திரும்பி வரும். துணி முக்கியமான படத்தில் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்வதே என் தேர்வு.

### நிழல் முழுவதும் ஒரே நிறச் சாயம் ஏறியிருந்தால்

இருண்ட பகுதி முழுவதும் ஊதாவாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் அதைக் கலர் ஸ்லைடரால் நீக்க முடியாது. டார்க்டேபிளின் டீநாய்ஸ் புரொஃபைல்டு மாட்யூலில் இதற்கென்றே ‘பயஸ் கரெக்‌ஷன்’ என்ற ஸ்லைடர் இருக்கிறது: நிழல் பச்சையாக இருந்தால் உயர்த்த வேண்டும், ஊதாவாக இருந்தால் குறைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கருப்புப் புள்ளியின் (எந்த அளவைக் கருப்பாகக் கொள்வது என்பதன்) அளவு சரியாக இல்லை என்று பொருள்; டார்க்டேபிளில் ‘ரா பிளாக் ஒயிட் பாயிண்ட்’ மாட்யூலிலும் ராதெரபியில் ரா தாவலின் கருப்புப் புள்ளிப் பகுதியிலும் மிகச் சிறிய அளவுகளில் மாற்றிப் பார்க்கலாம். லைட்ரூமில் கேலிப்ரேஷன் பகுதியில் நிழலுக்கான டிண்ட் ஸ்லைடர் உதவும். 4 ஸ்டாப்புக்கு மேல் உயர்த்திய படத்தில் இச்சாயம் முழுவதும் நீங்காமல் போகலாம். அப்போது நிழலை ஓரளவுக்கு இருட்டாகவே விட்டுவிடுவது, சாயத்துடன் வெளுக்க வைப்பதைவிட நேர்மையான படத்தைத் தரும்.

## அறிகுறி: முகம் மெழுகுப் பொம்மை போலாகிவிட்டது

லூமினன்ஸ் குறைப்பு அளவுக்கு மீறிவிட்டது என்பது வெளிப்படை. ஆனால் உடனே ஸ்லைடரை இறக்கிவிடாமல், எங்கே மீறியது என்று தேட வேண்டும்.

முதலில் இரட்டைக் குறைப்பு நடந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஎக்ஸ்ஓவின் பியூர்ராவிலோ வேறு ஏஐ கருவியிலோ நாய்ஸ் நீக்கிய கோப்பு மறுபடியும் லூமினன்ஸ் முன்னமைப்பு பொருத்தப்பட்டு லைட்ரூமுக்குள் வந்திருக்கலாம்; உயர் ஐஎஸ்ஓவுக்கென்று நீங்களே முன்பு சேமித்து வைத்த முன்னமைப்பு, இறக்குமதியின்போது தானாகப் பொருந்தியிருக்கவும் கூடும். இதுதான் மிகப் பரவலான காரணம், நீக்குவதும் மிக எளிது.

இரட்டைக் குறைப்பு இல்லையென்றால், லைட்ரூமில் லூமினன்ஸின் கீழுள்ள டீடெய்ல் ஸ்லைடரை 50-க்கு மேல் உயர்த்துங்கள்; புருவ மயிரும் தோலின் நுண்துளைகளும் திரும்பும். அதன் கீழுள்ள கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் துணியின் நெசவு போன்ற ஒளிவேறுபாட்டைக் காக்கும், ஆனால் சமமான பரப்பில் திட்டுகளை உண்டாக்கும். கேப்சர் ஒன்னில் டீடெய்ல்ஸ் அளவையும் ராதெரபியில் ‘டீடெய்ல் ரெக்கவரி’யையும் உயர்த்தினால் இதே பயன் கிடைக்கும்.

அடுத்த படி, இடம் பார்த்துக் குறைப்பது. முகத்துக்கும் பின்னணிக்கும் ஒரே அளவு தேவைப்படுவதே இல்லை. பின்னணி இருட்டில் நாய்ஸ் அதிகம், விவரம் குறைவு. முகத்தில் விவரம் அதிகம், ஒளியும் இருப்பதால் நாய்ஸ் குறைவு. லைட்ரூமில் மாஸ்க் போட்டு (திருத்தம் படும் பகுதியை மட்டும் தேர்ந்து), பின்னணியில் நாய்ஸ் ஸ்லைடரை உயர்த்தலாம், அல்லது முகத்தில் எதிர்மறை அளவு கொடுத்துப் பொதுக் குறைப்பைத் தளர்த்தலாம். டார்க்டேபிளில் பெரும்பாலான மாட்யூல்களுக்கு மாஸ்க் போட முடியும் என்பதால் டீநாய்ஸ் புரொஃபைல்டை இரண்டு முறை சேர்த்து, ஒன்றை முழுப் படத்துக்கும் நிற அளவில் மட்டும் கலக்கவிட்டு, இரண்டாவதை நிழற்பகுதிக்கு மட்டும் ஒளி அளவில் கலக்கவிடுவது நல்ல வழி.

வானத்தையோ சுவரையோ மிக வழுவழுப்பாக்கிய பின் படிக்கட்டு போன்ற பட்டைகள் தெரிந்தால், அது இந்தக் கோளாற்றின் மறுபக்கம்தான். சிறிதளவு கிரெய்ன் (பொடித் துகள்) சேர்த்தால் மறையும். டார்க்டேபிளில் டிதரிங் மாட்யூல் இருக்கிறது.

வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஜேபெக் மட்டுமே கையில் இருந்து, ரா கோப்பு அழிந்துபோயிருந்தால், இழந்த தோல் விவரத்தை எந்த ஸ்லைடரும் மீட்டுத் தராது. கையால் தோல் திருத்தும் ரீடச்சிங் கலைஞரிடம் ஒப்படைப்பதே அப்போதுள்ள வழி.

## அறிகுறி: புழு நெளிவது போன்ற கோடுகள், கரகரப்பான மணல்

நாய்ஸ் குறைந்திருக்கிறது, ஆனால் எஞ்சியது கூர்மையான மணல் துகள்களாகவோ, சின்னஞ்சிறு நெளிகோடுகளாகவோ தெரிகிறது என்றால் காரணம் நாய்ஸ் பகுதியில் இல்லை, ஷார்ப்பனிங்கில் இருக்கிறது. லைட்ரூமில் தானாக வரும் 40 என்ற ஷார்ப்பனிங், மாஸ்கிங் 0-இல் இருப்பதால், சுவர், வானம், தோல் என்று பாராமல் எல்லா இடத்திலும் நாய்ஸையும் சேர்த்தே கூர்மையாக்குகிறது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்தினால், எந்த விளிம்புகள் மட்டும் கூர்மையாகப்போகின்றன என்பது கருப்பு வெள்ளையில் தெரியும்; தோலும் பின்னணியும் கருப்பாகும் வரை உயர்த்துங்கள். பின்னர் ஷார்ப்பனிங்கின் டீடெய்லைக் குறையுங்கள். லூமினன்ஸைத் தொடாமலே படம் பாதி சுத்தமாகிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இதைச் செய்யாமல் நாய்ஸ் ஸ்லைடரைத் தொடவே கூடாது என்பேன்.

ஃபியூஜிஃபில்மின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சார் கோப்புகளில் லைட்ரூம் காட்டும் புழுக் கோடுகள் பெயர்பெற்றவை. டீடெய்லை இறக்கியும் அடங்காவிட்டால், 2019-இல் ‘என்ஹான்ஸ் டீடெய்ல்ஸ்’ என்ற பெயரில் வந்த வசதியை இயக்கலாம். ஏஐ டீநாய்ஸைப் பயன்படுத்தினால் அந்த வேலையும் சேர்ந்தே நடந்துவிடும். செலவின்றி வேண்டுமென்றால் அந்தப் படத்தை மட்டும் ராதெரபியிலோ டார்க்டேபிளிலோ திறக்கலாம். உயர் ஐஎஸ்ஓ எக்ஸ்-டிரான்ஸ் படங்களுக்கு 3-பாஸ் டீமொசைக் (சென்சார் பதிவிலிருந்து முழு வண்ணப் படத்தை உருவாக்கும் கணக்கீடு) தேவையில்லை. 1-பாஸ் போதும், நேரமும் மிச்சமாகும்.

மற்ற கேமராக்களின் கோப்புகளில் ராதெரபியில் பின்னல் கோலம் போன்ற வடிவம் தெரிந்தால், டீமொசைக் முறையை அமேஸிலிருந்து எல்எம்எம்எஸ்இ அல்லது ஐஜிவி என்று மாற்றுங்கள். நாய்ஸ் மிகுந்த படங்களுக்கு ஏற்றவை அவை இரண்டும்.

## அறிகுறி: நட்சத்திரம் போலத் தனித்தனிப் புள்ளிகள்

சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களில் ஒற்றைப் பிக்சல் புள்ளிகள் ஆங்காங்கே ஒளிர்ந்தால் அவை ஹாட் பிக்சல்கள். லூமினன்ஸோ கலரோ இவற்றை நீக்காது, பரப்பிப் பெரிதாக்கிவிடும். கேப்சர் ஒன்னில் சிங்கிள் பிக்சல் ஸ்லைடர் இதற்கானது, அது 0-இல் நிற்பதால் பலர் கவனிப்பதில்லை. டார்க்டேபிளில் ‘ஹாட் பிக்சல்ஸ்’ மாட்யூல். திருத்திய புள்ளிகளைக் குறியிட்டுக் காட்டும் தெரிவை இயக்கினால் நிஜமான விண்மீனையோ மூக்குத்திக் கல்லின் மின்னலையோ அழித்துவிட்டோமா என்று சரிபார்க்கலாம். ராதெரபியில் ரா தாவலில் ஹாட் பிக்சல் வடிகட்டி இருக்கிறது. லைட்ரூம் பெரும்பாலானவற்றைக் கோப்பைத் திறக்கும்போதே நீக்கிவிடும். எஞ்சியதை ஹீலிங்கால் தொட வேண்டியதுதான்.

நீண்ட எக்ஸ்போஷர் படங்களில் மட்டும் வந்தால் கேமராவில் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ தெரிவை இயக்கலாம். அது ஒவ்வொரு படத்துக்கும் அதே நேர அளவுக்கு ஷட்டரை மூடி இன்னொரு பதிவு எடுத்துக் கழிப்பதால், 30 விநாடிப் படத்துக்கு ஒரு நிமிடம் காத்திருக்க நேரும். தொடர்ச்சியாக எடுக்க வேண்டியவர்கள் லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓவிலும் அதே நேரத்திலும் சில இருட்டுப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு ராதெரபியின் டார்க் ஃபிரேம் வசதியில் கொடுக்கலாம்.

சாதாரண ஷட்டர் வேகத்திலும் குறைந்த ஐஎஸ்ஓவிலும் அதே புள்ளிகள் அதே இடத்தில் வருகின்றனவா என்று லென்ஸை மூடி எடுத்துப் பாருங்கள். வந்தால், பிக்சல் மேப்பிங் (பழுதான பிக்சல்களைக் கண்டறிந்து ஒதுக்கும் வேலை) செய்யும் நேரம் வந்துவிட்டது. ஒலிம்பஸ், பானசோனிக் கேமராக்களிலும் சோனியின், நிகான் இசட் வரிசையின் பல கேமராக்களிலும் அது மெனுவிலேயே உண்டு. மெனுவில் இல்லாத கேமராவென்றால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுக்க வேண்டும். இதற்குச் சென்சாரை மாற்ற வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

## அறிகுறி: படத்தின் குறுக்கே பட்டைகள்

எல்லாவற்றிலும் அதிகமாக மக்களை அலைக்கழிப்பது இதுதான், ஏனென்றால் மூன்று வேறு காரணங்கள் ஒரே முகத்தோடு வருகின்றன.

### பட்டை அகலமாக இருந்து, படத்துக்குப் படம் இடம் மாறினால்

இது நாய்ஸே அன்று, விளக்கின் துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இந்தியாவிலும் இலங்கையிலும் சாதாரண விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிப்பதால் சில வரிகளுக்கு ஒளி குறைந்து போகிறது. எந்த நாய்ஸ் குறைப்பும் இதைத் தீர்க்காது. ஒன்றிரண்டு படங்களை மட்டும் காப்பாற்ற வேண்டுமென்றால் பட்டையின் மேல் நேர்கோட்டு மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரையும் நிற வெப்பநிலையையும் ஈடுகட்டலாம்; நேரம் பிடிக்கும் வேலை. அடுத்த முறைக்கு மெக்கானிக்கல் ஷட்டரும் 1/50 அல்லது 1/100 வேகமும் போதும். ஆனால் மண்டப மேடையின் எல்இடி திரைகளும் அலங்கார விளக்குகளும் மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துப்போக வேண்டியதில்லை. அங்கே கேமராவில் உயர் அதிர்வெண் ஃபிளிக்கர் குறைப்பு இருந்தால் ஷட்டர் வேகத்தை நுணுக்கமாக மாற்றிப் பட்டை மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். நிகழ்ச்சி தொடங்கும் முன் மேடை விளக்குக்காரரிடம் பேசி, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு இதைச் சோதித்துவிடுவது பின்னால் பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

### மெல்லிய கோடுகள், ஒரே திசையில், வெளுக்க வைத்த நிழலில் மட்டும்

இது சென்சாரிலிருந்து வருவது. லென்ஸை மூடி எடுத்த பதிவை 4, 5 ஸ்டாப் உயர்த்திப் பார்த்தால் விளக்கே இல்லாமலும் கோடுகள் தெரியும். ராதெரபியின் ரா தாவலில் ‘லைன் நாய்ஸ் ஃபில்டர்’ இருக்கிறது. கோடு கிடையா நெடுக்கா என்று பார்த்துத் திசையை மட்டும் தேர்ந்து, சிறிய அளவில் தொடங்குங்கள், மிகுந்தால் மெல்லிய நிஜக் கோடுகளும் கரையும். லைட்ரூமின் ஸ்லைடர்களுக்கு இக்கோடுகள் எளிதில் கட்டுப்படுவதில்லை.

### எதிரொளி பட்ட படத்தில் சீரான இடைவெளியில் கோடுகள்

மிரர்லெஸ் கேமராவில் வலுவான விளக்கு நேராக லென்ஸுக்குள் அடித்து, வெளிறிய பகுதியில் சீரான இடைவெளியுடன் கிடைக்கோடுகள் வந்தால், அது சென்சாரில் உள்ள ஃபோக்கஸ் பிக்சல் வரிசைகளின் தடம். ராதெரபியில் அந்த வரிசைகளுக்கென்றே தனி வடிகட்டி உண்டு. கேமராவில் கோளாறு இல்லை. சர்வீஸுக்குக் கொடுத்துப் பணம் செலவழிக்க வேண்டாம். சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியது, குறைந்த ஐஎஸ்ஓவில் நல்ல வெளிச்சத்தில் மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்தாலும் கோடு அதே இடத்தில் நிற்கும்போது மட்டும்தான். போகும்போது அதே கோடு தெரியும் இரண்டு மூன்று ரா கோப்புகளையும் கொண்டு போங்கள்.

## அறிகுறி: ஏஐ டீநாய்ஸ் இயங்கவில்லை, மிக மெதுவாக இயங்குகிறது, அல்லது இல்லாததை வரைகிறது

பொத்தான் மங்கியிருந்தால்: லைட்ரூமில் ஏஐ டீநாய்ஸ் 2023 ஏப்ரலில் 12.3 பதிப்புடன் வந்தபோது, பேயர் (பெரும்பாலான கேமராக்களின் நிற வடிகட்டி அமைப்பு) அல்லது எக்ஸ்-டிரான்ஸ் மொசைக் உள்ள ரா கோப்புகளை மட்டுமே ஏற்றது. ஜேபெக், டிஃப் ஆகியவற்றுக்கும், வேறு கருவி ஏற்கெனவே லீனியர் டிஎன்ஜியாக (டீமொசைக் முடிந்த ரா வகைக் கோப்பாக) மாற்றிக் கொடுத்த கோப்புக்கும் அப்பதிப்புகளில் இயங்காது. மூல ரா கோப்பைத் தேடித் திறப்பதும், அது முடியாவிட்டால் மென்பொருளைப் புதுப்பிப்பதுமே தீர்வு. டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைமும் ரா கோப்பையே கேட்கும். உங்கள் கேமரா அதன் பட்டியலில் இல்லையென்றால் கோப்பைத் திறக்கவே மறுக்கும்.

மெதுவாக இருந்தால்: கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரைப் புதுப்பியுங்கள், மென்பொருளின் அமைப்பில் செயலாக்கம் ஜிபியுவில்தான் நடக்கிறதா என்று பாருங்கள். டார்க்டேபிளில் ஓபன்சிஎல் (ஜிபியுவைப் பயன்படுத்தும் வசதி) இயங்குகிறதா என்பதை விருப்பத்தேர்வுகளில் காணலாம். அதற்குப் பின்பும் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஆனால், வேலை முறையை மாற்றிப் பாருங்கள்: எல்லாப் படங்களுக்கும் ஓட்டாமல், ஆல்பத்துக்குத் தேர்வான படங்களை மட்டும் குவித்து இரவில் ஓடவிடலாம். கடைசி வழியே புதிய கிராஃபிக்ஸ் கார்டு. அடோபி 8 ஜிபி நினைவகம் உள்ளதைப் பரிந்துரைக்கிறது. வாங்குமுன் கணினியின் பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று கணினிக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லாததை வரைந்தால்: இதை நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையாக எடுத்துக்கொள்கிறேன். தூரத்துப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாத வடிவங்களாகின்றன. கூட்டத்தில் பின்வரிசையிலுள்ள முகங்களின் கண்கள் மாறிவிடுகின்றன. பறவையின் இறகில் அது கொண்டிராத கோடுகள் தோன்றுகின்றன. மென்மையாகத் தெரிவதால் சரி என்று தோன்றும். ஆகவே சோதனையின்போது முக்கிய முகத்தை மட்டும் பார்க்காமல் பின்வரிசையையும் எழுத்துகளையும் 100 விழுக்காட்டில் மூலப் படத்துடன் ஒப்பிட வேண்டும். அளவை 50-இலிருந்து 30-க்கு இறக்கிப் பாருங்கள். டிஎக்ஸ்ஓவில் எக்ஸ்டி வகையை விட்டுச் சாதாரண டீப்பிரைமுக்கு மாறுங்கள். அப்படியும் தொடர்ந்தால் அந்தப் படத்தில் ஏஐயை விட்டுவிட்டு ஸ்லைடர்களுக்கே திரும்புங்கள். செய்திப் படம், ஆவணப் படம், பறவைப் பதிவு என்றால் சிறிது நாய்ஸ் இருப்பதே மேல்.

## அறிகுறி: ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் போனதும் படம் மாறிவிட்டது

பியூர்ராவிலிருந்து வந்த டிஎன்ஜி லைட்ரூமில் விளிம்புகளெல்லாம் வெள்ளைக் கோடிட்டது போலத் தெரிந்தால், லென்ஸ் கூர்மைத் திருத்தம் ஒரு முறையும் லைட்ரூமின் 40 மறுமுறையும் சேர்ந்துவிட்டன. லைட்ரூமின் ஷார்ப்பனிங்கை 0-க்குக் கொண்டுவந்து, தேவைப்பட்டால் மட்டும் சிறிது ஏற்றுங்கள். அதே டிஎன்ஜியை டார்க்டேபிளில் திறந்து டீநாய்ஸ் புரொஃபைல்டை இயக்கினால், கோப்பிலுள்ள கேமராவையும் ஐஎஸ்ஓவையும் நம்பி, ஏற்கெனவே நீக்கிய நாய்ஸை அது இன்னொரு முறை நீக்கும். அங்கே அந்த மாட்யூலை இயக்கக் கூடாது.

நிறம் மாறினால் அது நாய்ஸ் குறைப்பின் குற்றமன்று. ஒவ்வொரு மென்பொருளும் கேமராவுக்குத் தன் சொந்த வண்ண புரொஃபைலைப் பயன்படுத்துகிறது. ஆகவே வண்ணம் திருத்துவதற்கு முன்பே, முதல் வேலையாக நாய்ஸை நீக்கிவிட்டு, பிறகு ஒரே மென்பொருளில் வண்ணத்தை முடியுங்கள். லைட்ரூமுக்குள்ளேயும் ஏஐ டீநாய்ஸை ஹீலிங்குக்கும் மாஸ்குக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. இடைநிலைக் கோப்பு டிஃப் என்றால் 16 பிட். ஜேபெக்காக அனுப்பினால் முன் செய்த உழைப்பு வீணாகும்.

## அறிகுறி: திரையில் சுத்தம், எக்ஸ்போர்ட் செய்த படத்திலோ பிரிண்ட்டிலோ நாய்ஸ்

எக்ஸ்போர்ட் சாளரத்தில் ‘அவுட்புட் ஷார்ப்பனிங்’ உயர்நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்திவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஜேபெக் தரம் மிகக் குறைவாக இருந்தால் நிழலில் சதுரக் கட்டங்கள் தெரியும், அதையும் நாய்ஸ் என்று எண்ணிக் குறைக்க முற்படுவது வீண்.

பிரிண்ட்டைப் பொறுத்தவரை, 100 விழுக்காட்டில் தெரியும் பொடி நாய்ஸ் ஆல்பம் அளவில் கண்ணுக்கே தெரியாது. பெரிய அளவில் அச்சிடுவதானால் முழுப் படத்துக்கும் செலவு செய்யும் முன், முகமும் நிழலும் சேர்ந்த ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, இறுதி அளவிலேயே லேபில் ஒரு சோதனைப் பிரிண்ட் எடுங்கள். அதில் நாய்ஸ் தெரிந்து உங்கள் கோப்பில் தெரியாவிட்டால், லேப் தன் பக்கத்தில் தானியங்கி ஷார்ப்பனிங்கையும் ஒளிர்வு கூட்டலையும் போடுகிறதா என்று கேட்டு, இரண்டையும் நிறுத்தி இன்னொரு பிரிண்ட் தரச் சொல்லுங்கள்.